பேயை விளக்கிவிட்டால் கதையில் என்ன மிச்சம்?

வண்டல் | 4 ஆகஸ்ட் 2023, காலை 7.10

குறுநாவல் ஒன்று, சுமார் 130 பக்கம். களம் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை. வெடிமருந்து அறை வெடிக்கிறது. நாயகி பிழைக்கிறாள், கூட வேலை பார்த்த செல்வி இறந்துபோகிறாள். எட்டு மாதம் கழித்து செல்வி நாயகி வீட்டு அடுப்படியில் வந்து நிற்கத் தொடங்குகிறாள். கடைசி அத்தியாயத்தில் மதுரை டாக்டர் ஒருவர் "இது பேய் இல்லம்மா, பிடிஎஸ்டி" (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனக்கோளாறு) என்று விளக்குகிறார். படித்துப் பார்த்த இரண்டு பேருமே அந்த இடத்தில் சப்பென்று ஆகிவிட்டது என்கிறார்கள். பேய் என்பது மனக்காயத்தின் உருவகம்தானே? உள்ளதைச் சொன்னால் கதை ஏன் சாக வேண்டும்?

கீழவாசல் | 4 ஆகஸ்ட், இரவு 10.42

டாக்டர் சொன்னது பொய்யில்லை. ஆனால் 125 பக்கம் அடுப்படியில் நின்றவளை அவர் ஒரே வாக்கியத்தில் நோய்க்குறி ஆக்கிவிட்டார். பேய் உருவகம் என்று தீர்மானித்த நிமிடமே அதற்குக் கதையில் வேலை போய்விடும். அது எதையும் செய்ய வேண்டாம், எதையாவது 'குறித்தால்' போதும் என்று ஆகிவிடும். குறிப்பதைக் கண்டு யாரும் பயப்படமாட்டார்கள்.

நான் பார்த்தவரை ஓடுகிற வழி இதுதான்: கதைக்குள் பேய் மெய். அதன் நடத்தை மட்டும் மனக்காயத்தின் நடத்தை. எப்போது வரும், எதைத் தொடாது, எவ்வளவு நேரம் இருக்கும், வந்துபோனால் யாருக்கு என்ன செலவு என்று நாலு விதி எழுதிவைத்துக்கொள். ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்' (1979) பார். 1976இல் கலிபோர்னியாவில் இருக்கிற கறுப்பினப் பெண் டேனா, அடிமைமுறைக் கால மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். அங்கே ரூஃபஸ் என்கிற வெள்ளைக்காரன் உயிருக்குப் பயந்தால் அவள் போகிறாள். தன் உயிருக்குப் பயந்தால் திரும்புகிறாள். அங்கே மாதக்கணக்கு ஓடினால் இங்கே மணிக்கணக்கு. இயந்திரம் கிடையாது, விளக்கம் கிடையாது. கடைசித் தடவை திரும்பும்போது அவன் பிடித்திருந்த இடத்திலிருந்து இடது கை சுவரோடு போய்விடுகிறது. "இது மூதாதையர் வழி வந்த மனக்காயம்" என்று ஒரு டாக்டர் அங்கே வந்து சொல்லியிருந்தால் கை திரும்ப முளைத்திருக்கும்.

மருதாணி | 5 ஆகஸ்ட், மதியம் 1.20

விதி எங்கிருந்து வரும் என்பதற்கு மருத்துவப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

பிடிஎஸ்டி என்ற பெயர் அமெரிக்க மனநலக் கையேட்டுக்குள் வந்தது 1980இல்தான். 2013 பதிப்பு அறிகுறிகளை நாலு கொத்தாகப் பிரிக்கிறது: கேட்காமல் வந்து விழும் நினைவுகளும் கனவுகளும், தவிர்த்தல், எண்ணத்திலும் உணர்விலும் வரும் சரிவு, எந்நேரமும் உடம்பு உஷாராக இருப்பது. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் கணக்கு.

நம் பேய்க்கதைகள் முதல் கொத்தையும் நாலாவதையும் மட்டும் எடுத்துக்கொள்கின்றன, அதாவது தோன்றுவதும் அலறுவதும். இரண்டாவதுதான் கதைக்குச் சோறு. தவிர்ப்பவளுக்கு இடம் சுருங்கும். முதலில் ஆலை இருக்கிற சாலை போகும். அப்புறம் அந்தச் சாலை வழி பஸ். அப்புறம் அந்த பஸ் நிற்கிற சந்தை. நாயகியின் ஊர் வரைபடம் ஒன்று போட்டு, அத்தியாயத்துக்கு அத்தியாயம் அவள் போக முடியாத இடங்களைக் கறுப்படித்துப் பாருங்கள். பேய் ஒரு இடத்தில் வந்தால் அந்த இடம் கறுப்பாகும். கடைசியில் அடுப்படி மட்டும் மிஞ்சி, அங்கேயும் செல்வி நின்றால் வாசகருக்கு மூச்சு முட்டும்.

மூன்றாவது கொத்தில் மரத்துப்போதலைக் கவனியுங்கள். மகள் வயசுக்கு வந்த செய்தி கேட்டு முகத்தில் ஒன்றும் ஓடாத தாய். பேய் வருவதைவிட இது அவள் வீட்டாரைப் பயமுறுத்தும்.

அந்த எட்டு மாதம் பற்றியும் ஒன்று. தாமதமாக முழு உருவம் எடுப்பது உண்டு. ஆறு மாதம் தாண்டினால் அதைத் தனி வகையாகவே குறிப்பார்கள். ஆனால் அதற்கு முன்பே ஏதாவது கசிந்திருக்கும். எட்டு மாதம் சுத்தமாக இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று அடுப்படியில் ஆள் நின்றால் அது மருத்துவத்துக்கும் பொருந்தாது, கதைக்கும் பொருந்தாது.

ஒத்தையடி | 5 ஆகஸ்ட், இரவு 11.55

இடைவேளை முடிஞ்சு 20 நிமிஷம் ஃப்ளாஷ்பேக், நடுவில் ஒரு குத்துப்பாட்டு, வில்லன் நாலு பேரைக் கொன்னதும் அம்மன் சிலை முன்னாடி ஒளியா மறைஞ்சிடும். எங்க பேய்க்கு எந்தக் கொத்தும் வேண்டாம் மேடம்.

கீழவாசல் | 6 ஆகஸ்ட், காலை 6.30

ஒத்தையடி கிண்டலாகச் சொன்னாலும் அந்த ஃப்ளாஷ்பேக்தான் பிரச்சினையின் வேர். அதில் பேய் தன் சாவை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக, பின்னணி இசையோடு, வெளியே நிற்கிற கேமராவில் சொல்லும். எல்லாம் தெளிவு, எல்லாம் முழுசு. அடிபட்ட மனசின் நினைவு நேர்மாறானது. ஒரு மணம், ஒரு சத்தம், ஒரு கையின் நிறம் அப்பட்டமாக இருக்கும். அதற்கு முந்திய நிமிடமும் பிந்திய நிமிடமும் இருக்காது. எது முதல், எது பிறகு என்பது குழம்பும்.

வண்டல் தம்பி, நாவலைத் தொடுவதற்கு முன் தனித்தாளில் ஒரு பக்கம் எழுது. நாவலில் இது வராது. வெடித்த நாளின் அரைமணி நேரம். அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள், முகம் எந்தப் பக்கம், எது கண்ணில் பட்டது, எது படவே முடியாது. அதில் ஒரு ஓட்டை விழும்: அவளுக்குத் தெரியாத இரண்டு, மூன்று நிமிடம். செல்வி அந்த ஓட்டையிலிருந்துதான் வர வேண்டும். அவளுக்கு நினைவிருக்கிற பகுதியிலிருந்து பேய் வந்தால் அது துக்கம், அவ்வளவுதான்.

அடுத்து, துணுக்கு. ஒன்று, மிஞ்சினால் இரண்டு. கந்தக வாசனையை விட்டுவிடு, அது எல்லாரும் எடுப்பது. போதாததற்கு சாத்தானுக்கும் அதே வாசனை. அலுமினியப் பவுடர் படிந்து முழங்கைவரை வெள்ளியாக மின்னுகிற கை இருக்கிறதே, அதை எடு. மருந்து அறைக்குள் போகுமுன் உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரம் இறங்க ஓர் உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகிற வழக்கத்தை எடு. இவள் வீட்டிலும் ஒவ்வொரு அறைக்கும் போகுமுன் தாழ்ப்பாளைத் தொடுகிறாள். முதல் தடவை வாசகன் அதைக் கவனிக்கவே கூடாது, சும்மா ஒரு பழக்கமாகக் கடந்துபோக வேண்டும். இரண்டாவது தடவை கொஞ்சம் உறுத்த வேண்டும். ஏன் என்பது மூன்றாவதில். இந்த வரிசையைப் புரட்டி முதலிலேயே காரணத்தைச் சொல்லிவிட்டால் அப்புறம் அவள் தாழ்ப்பாளைத் தொடும்போதெல்லாம் வாசகன் கொட்டாவி விடுவான்.

இன்னொன்று. ஓர் அறையில் 4 பேருக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது அங்கே விதி. விபத்துச் செய்திகளில் விதிமீறல் என்று திரும்பத் திரும்ப வருவதும் அதுதான். செல்வி ஐந்தாவது ஆளாக இருந்தால்? வருகைப் பதிவேட்டில் அவள் பெயரே கிடையாது என்றால்? பதிவேட்டின்படி அந்த அறையில் செல்வி இல்லை. அடுப்படியிலும் இல்லை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

வண்டல் | 6 ஆகஸ்ட், காலை 9.02

ஐந்தாவது ஆள். எடுத்துக்கொண்டேன் அண்ணே.

ஒரு சந்தேகம். பேயா பிரமையா என்று கடைசிவரை சொல்லாமலே விட்டுவிட்டால்? இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்குமே.

கீழவாசல் | 9 ஆகஸ்ட், இரவு 9.15

செய்யலாம். விலை தெரிந்து செய்.

ஹென்றி ஜேம்ஸ் 1898இல், வீட்டோடு தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிற பெண் ஒருத்தி பேய் பார்க்கிற கதை எழுதினார், 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ'. 1934இல் விமர்சகர் எட்மண்ட் வில்சன் வந்து, பேய் இல்லை, அவள் மனக்கோளாறுதான் என்று கட்டுரை போட்டார். அன்றிலிருந்து அந்தக் கதையைப் படிக்கிறவர்கள் பாதிப் பேர் அவளைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டே படிக்கிறார்கள். அந்தக் கதைக்கு அது பொருந்தும். ஆலை விபத்தில் பிழைத்தவளின் கதைக்கு வாசகனை விசாரணை அதிகாரி ஆக்குவது வேறு சமாசாரம். "நீ நிஜமாகவே பார்த்தாயா, உன் பக்கத்தில் ஐந்தாவதாக ஒருத்தி இருந்தாளா" என்று ஆலைக்காரர்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். கதையின் வடிவமும் அதையே கேட்டால் நீ யார் பக்கம்?

ஷெர்லி ஜாக்சன் 1959இல் 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' நாவலில் கண்டுபிடித்த இடம் எனக்கு இன்னும் பிடிக்கிறது. எலினருக்கு 32 வயது. 11 வருஷம் படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டவள். ராத்திரியில் சுவரைத் தட்டிக் கூப்பிடுவது அம்மா வழக்கம். அம்மா இறந்த இரவில் தட்டியது தனக்குக் கேட்டதா, கேட்டும் தூங்கிவிட்டோமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. இப்போது ஹில் ஹவுஸில் நடுராத்திரி சுவரில் தட்டும் சத்தம். தூக்கக் கலக்கத்தில் "இதோ வரேம்மா" என்கிறாள். பக்கத்து அறைத் தோழிக்கும் அந்தச் சத்தம் கேட்கிறது, இதைக் கவனி. சத்தம் மெய். அது அம்மா தட்டுவதுபோலக் கேட்பது எலினருக்கு மட்டும். சந்தேகத்தைப் பேய் உண்டா என்பதில் வைக்காமல், இந்த வீடு இவளை எதற்குத் தேர்ந்தெடுத்தது என்பதில் வைத்துவிட்டார்.

கர்ட் வோனெகட் செய்தது இதற்கும் அந்தண்டை. 1945 பிப்ரவரியில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் குண்டு விழுந்தபோது அவர் போர்க்கைதியாக நிலத்தடி இறைச்சிக் கிடங்கில் இருந்தவர். அதை வைத்து எழுதிய 'ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்' நாவல் வந்தது 1969இல். நாயகன் பில்லி பில்கிரிம் காலத்தில் அவிழ்ந்துபோய் முன்னும் பின்னும் தாவுகிறான், வேற்றுக்கிரகவாசிகள் அவனைத் தூக்கிப்போய் மிருகக்காட்சிசாலையில் வைக்கிறார்கள். இதே மாதிரிக் கதையைப் பில்லி ஒரு மலிவு அறிபுனைவில் முன்பே படித்திருக்கிறான் என்பதையும் வோனெகட் போகிறபோக்கில் போட்டுவிடுகிறார். சாவி கையில் வந்துவிட்டது. ஆனால் கதவைத் திறந்து "பார்த்தாயா, எல்லாம் அவன் மனசு" என்று ஒரு வரிகூடக் கிடையாது. அவன் அப்படியே தாவிக்கொண்டிருக்கிறான்.

மருதாணி | 9 ஆகஸ்ட், இரவு 11.30

அதில் முக்கியமான இடம் தாவாத இடம். பில்லியின் கல்யாண நாள் விருந்து. நாலு ஆண்கள் சேர்ந்து பாடுகிறார்கள். அவன் முகம் கோணிப்போகிறது, காரணம் அவனுக்கே விளங்கவில்லை. மாடிக்குப் போய்ப் படுத்த பிறகு கிடைக்கிறது: டிரெஸ்டனில் காலையில் வெளியே வந்து எரிந்த நகரத்தைப் பார்த்த நாலு காவலர்கள் வாய் திறந்து, சத்தமில்லாமல் நின்ற கோலம் அது. இங்கே மட்டும் அவன் காலத்தில் பயணம் போகவில்லை, நினைவுகூர்ந்தான் என்று நாவலே சொல்கிறது. அத்தனை தாவலும் இந்த ஒரு நினைவைத் தொடாமல் இருப்பதற்கான ஓட்டம் என்று அப்போது உறைக்கிறது.

வண்டலுக்கு இதிலிருந்து: அமானுஷ்யம் நிற்கிற இடம் ஒன்று வேண்டும். செல்வி வராத ஒரு அத்தியாயம். அங்கே நாயகிக்கு வெறும் நினைவு மட்டும் வரட்டும். அது பேயைவிட மோசமாக இருக்க வேண்டும்.

டாக்டரையும் வீணாக்க வேண்டாம். அவரை மூன்றாம் அத்தியாயத்துக்குத் தள்ளுங்கள். புறநோயாளிச் சீட்டு, வரிசை, ஐந்து நிமிடப் பேச்சு, செர்ட்ராலின் மாத்திரை 50 மி.கி. அது நிதானமாகத்தான் பிடிக்கும், நாலு முதல் ஆறு வாரம். முதல் வாரத்தில் குமட்டல், வயிறு சரியிருக்காது, தூக்கம் கெடலாம்; அதனால் சிலர் நிறுத்திவிடுவார்கள். இவள் நிறுத்தாமல் சாப்பிடட்டும். ஆறு வாரத்தில் தூக்கம் வரும், சாப்பிடுவாள். செல்வியும் வருவாள். மருந்தும் மெய், பேயும் மெய் என்றால் கதை எங்கே போகும் என்று பாருங்கள்.

பூவரசு | 12 ஆகஸ்ட், மாலை 5.48

நீங்கள் எல்லாரும் செத்தவை திரும்பி வாறதைப் பற்றித்தான் கதைக்கிறியள். இஞ்சை இலங்கையிலை, வன்னியிலை பிரச்சினை வேறை. 2009 மே மாதம் ஆமியிட்டைக் கையளிச்ச பிள்ளை இருக்கோ இல்லையோ எண்டே தெரியாது. எட்டுச்செலவு இல்லை, 31ஆம் நாள் அந்தியேட்டி இல்லை. படத்துக்கு மாலை போட்டால் தானே கொண்டுபோட்ட மாதிரி எண்டு தாய் நினைக்கிறா. கிளிநொச்சியிலை 2017 பெப்ரவரி 20 தொடங்கின போராட்டத்திலை இருந்த தாய்மார் கனபேர் பதில் கிடைக்காமலே செத்தும் போச்சினம். 2016இலை ஒரு சட்டம் வந்தது. ஆள் இல்லை எண்டு மட்டும் எழுதித் தாற சான்றிதழ். செத்தது எண்டு சொல்லாது. அதை வாங்கவும் கனபேர் மாட்டம் எண்டவை.

இப்பிடியான வீட்டுக்குப் பேய் வந்தால் அது பயம் இல்லை. செய்தி. அப்ப இஞ்சை பேய்க்கதையை எப்பிடி எழுதிறது?

மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்திலை இருந்து எழுதினது (1998 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்', பிறகு கூட்டு மனவடு பற்றினவை) வாசியுங்கோ. காயம் தனி ஆளின்ரை மண்டைக்குள்ளை மட்டும் இல்லை, குடும்பம், ஊர், அயல் எல்லாத்திலையும் கிடக்கு எண்டதுதான் அவரின்ரை கதை. வெள்ளைக்காரப் பேய்க்கதையள் தனி வீட்டிலை தனி ஆளோடை நிக்குது.

கீழவாசல் | 13 ஆகஸ்ட், காலை 7.05

பூவரசு கேட்டதற்கு உடனே பதில் சொல்கிற தைரியம் இல்லை. வடிவம் மட்டும் ஒன்று தோன்றுகிறது. அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் பாலின் பாஸ் 1970களிலிருந்து இதைத் 'தெளிவில்லா இழப்பு' என்கிற பொருளில் எழுதிவருகிறார்: உடம்பு இல்லை, முடிவும் இல்லை. அப்படியென்றால் அமானுஷ்யத்தின் திசை மாற வேண்டும். ஊரில் எல்லா வீட்டுக்கும் செத்தவர்கள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட நாளில் வந்து, சாப்பிட்டுப் போகிறார்கள். சாதாரண விஷயம். ஒரு வீட்டுக்கு மட்டும் யாரும் வருவதில்லை. அந்தத் தாய் வராமையை வைத்து "என் பிள்ளை உயிரோடு இருக்கிறான்" என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி, "சிலருக்கு வழி தெரியாது அக்கா" என்கிறாள். இதில் பேய் பக்கம் பக்கமாக வரும், பயம் மட்டும் காலி நாற்காலியில்.

இதை நான் எழுதக்கூடாது. அங்கே உள்ளவர்கள் எழுத வேண்டும்.

பூவரசு | 13 ஆகஸ்ட், காலை 8.20

நாற்காலி வேண்டாம் அண்ணை. கோப்பையிலை சோறு போட்டு மூடி வைப்பினம். அதுதான் நடக்கிறது.

மருதாணி | 20 ஆகஸ்ட், மதியம் 3.10

இலங்கை பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு விஷயம். 'நிகழ்வைச் சொல்லி முடித்தால் பேய் போய்விடும்' என்கிற முடிவு நம் கதைகளில் சட்டமாகிவிட்டது. சிகிச்சையில் அதற்கு ஆதாரம் உண்டு, மறுக்கவில்லை. நீண்ட வெளிப்பாட்டு முறையில் 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை மணி. நடந்ததைக் கண்மூடி, நிகழ்காலத்தில், வாய்விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். ஒலிப்பதிவை வீட்டில் தினமும் கேட்கவேண்டும். அகதிகளுக்காக வந்த இன்னொரு முறையில் தரையில் ஒரு கயிற்றை வாழ்க்கையாக நீட்டி, நல்லதற்குப் பூவும் கெட்டதற்குக் கல்லும் வைப்பார்கள். பிறகு பிறந்த நாளிலிருந்து வரிசையாகப் பேசுவார்கள். ஒவ்வொரு தடவையும் எழுதியதை வாசித்துக் காட்டுவார்கள்.

இந்தக் கயிற்று முறையைச் சிறுவர்களுக்கென்று மாற்றி, சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் தமிழ்ப் பிள்ளைகளிடம் செய்தார்கள். ஆறு அமர்வு. ஒப்பிடுவதற்காக இன்னொரு குழுவுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். 2009இல் முடிவு வந்தது. இரண்டு குழுவிலும் பிள்ளைகள் பெரிய அளவில் தேறியிருந்தார்கள், சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் கதை எழுதுகிறவருக்கு இது முள். வாயைத் திறக்காமலும் தேறலாம் என்றால் உங்கள் உச்சக்காட்சி ஒப்புதல் வாக்குமூலமாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

கூடவே எதிர்ப்பக்கம்: சம்பவம் நடந்த உடனே ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பது பிடிஎஸ்டியைத் தடுப்பதில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். மந்திரவாதி முதல் ராத்திரியே "யார் நீ சொல்லு" என்று சவுக்கை எடுத்தால் வேலை கெடுவது கதையில் மட்டுமில்லை.

கீழவாசல் | 22 ஆகஸ்ட், இரவு 10.00

அந்தச் சவுக்கு டோனி மாரிசனின் 'பிலவ்ட்'டில் (1987) முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது. வீட்டில் குழந்தைப் பேய். தாயின் பழைய நண்பன் பால் டி வருகிறான், மேசையைத் தூக்கிச் சுழற்றிக் கத்தித் துரத்திவிடுகிறான். பேய் போய்விட்டது. அப்புறம்தான் தண்ணீரிலிருந்து எழுந்து ஒரு இளம்பெண்ணாக, உடம்போடு வந்து உட்கார்கிறது. விரட்டினால் கனத்துத் திரும்பும் என்பது அந்த நாவலின் விதி.

அடியில் இருப்பது நடந்த சம்பவம். 1856 ஜனவரியில் கென்டக்கியிலிருந்து உறைந்த ஒஹையோ ஆற்றைக் கடந்து தப்பிய மார்கரெட் கார்னர், பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்தபோது தன் இரண்டு வயது மகளைக் கொன்றாள், மறுபடி அடிமையாகப் போகக்கூடாது என்று. நம் நல்லதங்காள் ஏழு பிள்ளைகளோடு கிணற்றடியில் நின்றது ஞாபகம் வரும். வரட்டும், ஆனால் ஒன்றாகக் குழப்ப வேண்டாம். நல்லதங்காளுக்குப் பசி, இவளுக்குச் சட்டம்.

வண்டல் பார்க்க வேண்டியது மாரிசன் அந்தக் கொலையை எங்கே வைத்தார் என்பது. கிட்டத்தட்டப் பாதியில். அதுவும் முதலில் பிடிக்க வந்தவர்களின் கண்ணால், கணக்குப் பார்க்கிற குரலில், எத்தனை உருப்படி நஷ்டம் என்று. பிறகு ஒரு பத்திரிகைத் துண்டு. மூன்றாவதாகத்தான் தாய் வாய் திறக்கிறாள். அதுவும் அடுக்களையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே, விஷயத்துக்கு வராமல். மீதிப் பாதி நாவல், தெரிந்த பிறகு எப்படி வாழ்வது என்பது. நீ அதைக் கடைசித் திருப்பமாக வைத்தால் செல்வியின் சாவு வாசகனுக்குக் கிடைக்கிற பரிசுப்பொருள் ஆகிவிடும். 130 பக்கத்தில் 70ஆம் பக்கத்துக்குள் சொல்லிவிடு.

பூவரசு சொன்ன 'அயல்' இதில் இருக்கிறது. பிடிக்க ஆள் வருவதை அக்கம்பக்கம் யாரும் ஓடிவந்து சொல்லவில்லை; முந்தின நாள் அந்த வீட்டில் நடந்த பெரிய விருந்தின் மேல் எரிச்சல். கடைசியில் முப்பது பெண்கள் அதே வீட்டு வாசலுக்கு வந்து பாடுகிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரர் வண்டியில் வர, தாய்க்குப் பழைய நாள் திரும்பிவிடுகிறது. ஐஸ் உடைக்கிற ஊசியோடு பாய்கிறாள், இந்தத் தடவை பிள்ளையை நோக்கி இல்லை, அவரை நோக்கி. ஆள் தப்புதான். ஆனால் திசை மாறிவிட்டது. சம்பவம் திரும்ப நடக்கவேண்டும், ஒரே ஒரு உறுப்பு மட்டும் மாறி நடக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான வேலைப்பாடு நான் பார்த்ததில்லை.

ஒத்தையடி | 23 ஆகஸ்ட், காலை 10.12

அக்கம்பக்கம்னா பழையனூர் நீலிதான். 70 வேளாளர் அநியாயமா தீப்பாஞ்சாங்க.

கீழவாசல் | 23 ஆகஸ்ட், இரவு 8.40

அநியாயமாகவா? யோசித்துப் பார். திருவாலங்காட்டுப் பக்கம் வழங்குகிற கதை. போன பிறவியில் அவளைக் கொன்ற புருஷன் இந்தப் பிறவியில் வணிகன். கையில் மந்திரக் கத்தி இருக்கிறவரை அவளால் கிட்டப் போக முடியாது. விதி எவ்வளவு கறாராக இருக்கிறது பார். அதனால் கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று ஊர்ச்சபைக்கு வருகிறாள். சபை கத்தியை வாங்கிக்கொண்டு, உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் 70 பேர் உயிரும் பிணை என்று ஒரே அறையில் விடுகிறது. காலையில் அவன் பிணம், சொன்னபடி 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள். பேய் பழிவாங்கியதோடு கதை நிற்பதில்லை. தீர்ப்புச் சொன்னவர்கள் கணக்கையும் சேர்த்து முடிக்கிறது. உன் ஆலைக்கதையில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட மேஸ்திரி யார் வண்டல்? அவன் வீட்டுக்குச் செல்வி போகவே இல்லையா?

மருதாணி | 3 செப்டம்பர், காலை 6.50

அமுக்குவான் பேய் பற்றி யாரும் சொல்லவில்லையே. கண் திறந்திருக்கும், கை கால் அசையாது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த கனம், மூலையில் ஓர் ஆள். கனவுத் தூக்கத்தில் உடல் தசைகள் தளர்ந்து கிடக்கும். விழிப்பு முந்திக்கொண்டு வந்தால் இது நடக்கும். சில விநாடியிலிருந்து ஓரிரு நிமிடம். அடிபட்டவர்களுக்கு இது கூடுதலாக வரும். அமெரிக்காவில் இருக்கும் கம்போடிய அகதிகளிடம் மிக அதிகமாகப் பதிவாகியிருக்கிறது, அவர்களும் பேய் அழுத்துவதாகத்தான் சொல்கிறார்கள். செல்வியின் முதல் வருகைக்கு அடுப்படியைவிட இது நல்ல வாசல். அந்த எட்டு மாதக் கசிவுக்கும் பொருந்தும். காட்சியை மூன்று பக்கம் இழுக்காமல் ஒரு பத்தியில் முடியுங்கள், நிஜத்தில் அவ்வளவு நேரம்தான்.

கீழவாசல் | 17 செப்டம்பர், மதியம் 2.25

தமிழில் எழுதுகிறவனுக்கு இலவசமாகக் கிடைக்கிற மூன்று கருவி:

'ஆம்' விகுதி. "நான் கத்தினேனாம். செல்வி பேரைச் சொல்லியே கத்தினேனாம்." தன் வாழ்க்கையைத் தானே பிறர் வாயால் கேட்டவள் பேசுகிற பேச்சு இது. நினைவில் இருக்கிற அந்த ஓட்டையை விளக்க ஒரு பத்தி வேண்டாம், ஈற்றெழுத்து போதும்.

வினைமுற்றில் ஆள் மாற்றம். "தகட்டைத் தொட்டேன். சூடாக இருந்தது. கையை எடுத்தாள்." எழுவாய் எழுதவேண்டிய கட்டாயம் இல்லாததால் 'நான்' நழுவி 'அவள்' ஆவது ஒரு விகுதிக்குள் முடிகிறது. உடம்பை விட்டு வெளியே நின்று பார்க்கிற நிலைக்கு இதுதான் வாசல்.

காலம். இறந்தகாலத்தில் ஓடுகிற பத்திக்குள் செல்வி மட்டும் எப்போதும் நிகழ்காலம். "அரிசி களைந்தேன். உலை வைத்தேன். செல்வி நிற்கிறாள்."

ஒவ்வொன்றும் நாவல் முழுக்க மூன்று, நாலு இடத்துக்கு மேல் போனால் வித்தை ஆகிவிடும். பிழைதிருத்துகிறவரிடம் அந்த இடங்களை முன்கூட்டியே குறித்துக் கொடு. இல்லாவிட்டால் "கையை எடுத்தேன்" என்று அக்கறையாகத் திருத்திவிடுவார்.

ஒத்தையடி | 17 செப்டம்பர், மதியம் 2.31

அந்த வேலையைப் பாக்குற ஆள் இங்கயே இருக்கேன். திருத்துவேன்.

வண்டல் | 2 நவம்பர், இரவு 9.30

திரும்ப எழுதியாயிற்று. மேஸ்திரிக்கு ஒரு அத்தியாயம் வந்துவிட்டது. செல்வி மொத்தம் 14 தடவை வருகிறாள். அதிகமா? பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் அவள் தெரிகிற மாதிரி ஒரு இடம் வைத்திருக்கிறேன்.

மருதாணி | 2 நவம்பர், இரவு 10.05

குழந்தையைத் தூக்கிவிடுங்கள். குழந்தைக்கும் நாய்க்கும் பேய் தெரிவது அரதப்பழசு. தெரியத்தான் வேண்டுமென்றால் மாமியாருக்குத் தெரியட்டும். அவர் யாரிடமும் சொல்லாமல் ஒரு தட்டு கூடுதலாகக் கழுவி வைக்கட்டும்.

கீழவாசல் | 3 நவம்பர், காலை 6.15

14 அதிகம். ஆறு அல்லது ஏழு வைத்துக்கொள். முதல் இரண்டும் ஒரு பத்திக்குள். மூன்றாவது நீளம். நாலாவது, எதிர்பார்த்த இடத்தில் வராமல் போவது. அதையும் ஒரு வருகையாகக் கணக்கில் சேர். மேஸ்திரி வீட்டில் ஒன்று, அதை நாயகி பார்க்கக்கூடாது, யாரோ வந்து சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வேண்டும். கடைசி வருகையில் செல்வி பேசுகிறாளா? பேசினால் மூன்று வாக்கியத்துக்கு மேல் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். கூலி பாக்கி எவ்வளவு என்று கேட்கலாம்.

வண்டல் | 3 நவம்பர், காலை 6.40

பேசுகிறாள். பதினொரு பக்கம் பேசுகிறாள். வெட்டப் போகிறேன்.